பூட்டுக்காரரும் பேய்க்கதையும் மாமனார் கட்டிலும்

செத்துப் போனதுக்கப்புறமும் ஒரு மனுஷன் ரூமைக் காலி பண்ணலைன்னா, பாவம், மருமகன் என்னதான் செய்வான்?

நம்ம பூட்டுக்காரருக்கு அதுதான் கவலை. ஆள் கைராசிக்காரர். கம்பி ஒண்ணை உள்ள விட்டு, காதை வச்சுக் கேட்டு, இரும்புப் பெட்டியையே இளிக்க வச்சிடுவார். வீட்டுல மட்டும் அவர் சொல்லி ஒரு ஜன்னல்கூட திறந்தது கிடையாது. தொழில் நடக்கிறது நடைபாதையில, கிழிஞ்ச குடைக்குக் கீழ. வெயில் வந்தா மண்டை வேகும். மழை வந்தா சாவியெல்லாம் நீச்சல் அடிக்கும். அங்கருந்து நாலு வீடு தள்ளி, தெருவைப் பார்த்த மாதிரி, அவரோட சொந்த முன்ரூம் சும்மா கிடக்கு. கதவைத் திறந்து ஒரு பலகையைப் போட்டா கடை. ஆனா உள்ள ஒரு கட்டில். மாமனாரோட கட்டில்.

மாமனார் ரெண்டு வருஷம் அதுல படுத்து இருமினார். இருமி இருமி இளைச்சார். கடைசியில போர்வைதான் தெரியும், கீழ ஆள் இருக்காரா இல்லையான்னு தட்டிப் பார்க்கணும். ஒரு நாள் காலையில தட்டிப் பார்த்தா, இல்ல.

மக, அதான் பூட்டுக்காரர் சம்சாரம், அழல. அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். எச்சில் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வச்சா. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுத் தலகாணி மேல வச்சா. தினம் மத்தியானம் வேலையை முடிச்சுட்டு, கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துடுவா. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. சும்மா.

"அந்தக் கட்டிலைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில போட்டா என்ன?"ன்னு ஒரு நாள் பூட்டுக்காரர் கேட்டார்.

"போடுங்களேன்."

"நிஜமாவா சொல்ற?"

"அப்பா எழுந்திரிக்கட்டும். அப்புறம் போடுங்க."

அவர் குடையைத் தூக்கிக்கிட்டு நடைபாதைக்குக் கிளம்பிட்டார்.

அன்னிக்குத்தான் மனுஷன் தீர்மானம் பண்ணார். இவளை நாம வெரட்ட முடியாது. இவளாவே பயந்து ஓடி வரணும். "என்னங்க, அந்த ரூம்ல கால் வைக்க முடியலைங்க, கடையே போட்டுக்கோங்க"ன்னு கெஞ்சணும். போர்டு எழுதறவர்கிட்ட என்ன கலர் எழுத்துங்கற வரைக்கும் பேசி முடிச்சுட்டார். மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. பயம். அது எங்க கிடைக்கும்?

தெருமுனையில வாடகைக்குப் புத்தகம் விடற கடை ஒண்ணு உண்டு. அந்தக் கடைக்காரரை எல்லாரும் கடைசிப்பக்கம்னுதான் கூப்பிடுவாங்க. கொண்டு போன புத்தகத்தை எவனும் திருப்பித் தர்றதில்லையா? பார்த்தார் அவர். ஒவ்வொரு நாவல்லயும் கடைசி அத்தியாயத்தை மட்டும் பிளேடால அறுத்து, தனியா தைச்சு, பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டுட்டார். புத்தகத்தைக் கொண்டு வந்து குடு, பெஞ்சுல உட்காரு, முடிவைப் படி, எழுந்து போ. அதுக்கப்புறம் ஒரு புத்தகம் தொலைஞ்சதில்ல. காய்ச்சலோட கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து முடிவு படிச்சவங்கல்லாம் உண்டு.

"அண்ணே, பயமா ஒரு கதை குடுங்க."

"உனக்கா? நீ சாவியில இருக்கற நம்பரையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளாச்சே."

"வீட்டுல படிக்கிறதுக்கு."

"எவ்வளவு பயம் வேணும்? கை நடுங்கற பயமா, தனியா பாத்ரூம் போக முடியாத பயமா?"

"ரூமை விட்டு ஓடற பயம்."

கடைசிப்பக்கம் கண்ணை மூடிக்கிட்டார். நல்ல சமையல்காரன் உப்பு நினைக்கிற மாதிரி நினைச்சார். "இந்தப் பச்சை அட்டையை எடுத்துக்கோ. ஒருத்தி புருஷனைப் புதைச்சுட்டு வந்து கதவைச் சாத்தறா. உள்ள அவன் செருப்பு ஈரமா கிடக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன். மஞ்சள் அட்டை இன்னும் மோசம். ஒரு வீட்டுல சாப்பிட உட்கார்ந்தா தினம் ஒரு தட்டு அதிகமா இருக்கும். யாரும் வைக்கல. ஆனா சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தா, அந்தத் தட்டும் காலி."

பூட்டுக்காரருக்கு அதுவே போதும். ரெண்டையும் அக்குள்ள இடுக்கிக்கிட்டுக் கிளம்பினார். அவர் கணக்கு இதுதான். புத்தகத்தைத் தானே கொண்டு போறது, தானே திருப்பிக் குடுக்கறது. முடிவு அவ காதுக்கே போகக் கூடாது. முடிவு தெரியாத பயம் மூடி இல்லாத பாட்டில் மாதிரி, வீடு பூரா சிந்தும்ல?

மனைவி படிச்சா. முன்ரூம்ல, ஸ்டூல்ல, கட்டிலை ஒட்டி உட்கார்ந்து படிச்சா. பச்சை முடிஞ்சது. மஞ்சள் முடிஞ்சது. பூட்டுக்காரர் கதவிடுக்கு வழியா பார்த்துக்கிட்டே இருந்தார். கை நடுங்குதா? இல்ல. வேர்க்குதா? அதுவும் இல்ல. ரொம்ப நாளைக்கப்புறம் அவ முகத்துல லேசா ஒரு வெளிச்சம்தான் தெரிஞ்சுது.

"ஏண்டி, பயமா இல்லையா உனக்கு?"

"எதுக்குப் பயம்?"

"செத்தவங்கல்லாம் எழுந்து வர்றாங்களாமே அதுல!"

"ஆமாங்க. எல்லாக் கதையிலயும் வந்துடறாங்க." மூக்குக்கண்ணாடியைத் தலகாணி மேல ஒரு விரக்கடை நகர்த்தி வச்சா. "இங்கதான் வர மாட்டேங்கறாங்க."

நல்ல மனுஷனா இருந்தா அங்கேயே விட்டிருப்பான். இவருக்கு மழைக்காலம் நெருங்குதே! நேரா கடைசிப்பக்கத்துக்கிட்ட ஓடினார்.

"அண்ணே, இருக்கறதுலயே மோசமானது எது?"

கடைசிப்பக்கம் மேல்தட்டுல கையை விட்டு ஒரு சாம்பல் அட்டையை எடுத்தார். தூசியைக்கூடத் தட்டல. "இதைக் கொண்டு போனவங்கள்ல பாதிப் பேர் பாதியிலயே கொண்டு வந்து வச்சுட்டாங்க. கதையைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" காதைப் பொத்திக்கிட்டே வாங்கிட்டு வந்தார்.

ரெண்டு நாள் கழிச்சு அவர் குடைக்கு வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து, மனைவி செருப்பை மாட்டிக்கிட்டுத் தானே போய்ச் சாம்பல் அட்டையைக் குடுத்துட்டா. பெஞ்சுல உட்கார்ந்து முடிவைப் படிச்சா. திரும்பி வந்து மத்தியானச் சாப்பாடு போட்டா. அவர் முகத்தைப் பார்க்கறா, பெருமூச்சு விடறா. பார்க்கறா, விடறா.

"என்னடி?"

"ஒண்ணுமில்லைங்க. சாப்பிடுங்க. நல்லா சாப்பிடுங்க."

"முடிவு என்ன?"

"உங்களுக்குச் சொல்லக் கூடாது."

"எனக்கு ஏன் சொல்லக் கூடாது?"

"அதுல ஒரு மருமகன் வர்றான்."

ஒரு பெரிய கவளத்தை வாயில அடைச்சுக்கிட்டார். "வந்து?"

"மாமனார் செத்த ரூமை அவன் கடையாக்கணும்னு பார்க்கறான்."

"கடையா? என்ன கடை?"

"அதைத்தாங்க சொல்ல மாட்டேன். உங்க நல்லதுக்குத்தான்." தண்ணியை ஊத்தினா. "ஒரு நாள் அந்த ரூமுக்குள்ளேர்ந்து இருமல் சத்தம் கேட்குது. இவன் போய்க் கட்டிலைத் தொடறான்."

"தொட்டு?"

"மறுநாள் போர்வைக்குக் கீழ இவன் இருக்கான். தட்டிப் பார்த்தா…"

"போதும்!"

பட்டப்பகல். தெருவுல வண்டி போகுது, பக்கத்து வீட்டுல துணி துவைக்கிறாங்க. அந்த நேரத்துல கேட்டுதுங்க ஒரு இருமல். பூட்டுக்காரர் தட்டோட எழுந்து நின்னுட்டார். அப்புறம்தான் தெரிஞ்சுது, இருமினது அவரேதான், சோறு புரையேறிடுச்சுன்னு. ஆனா உடம்பு ஒரு தடவை நடுங்க ஆரம்பிச்சா உண்மையைச் சொன்னா கேட்குமா?

"தப்பிக்க வழியே இல்லையா அந்தக் கதையில?"

"இருந்துச்சு. அந்த மடையன்தான் கேட்கல. ரூமுக்கு ஒரு நல்ல பூட்டாப் போட்டிருக்கலாம்."

"அவ்வளவுதானே! பூட்டுக்கா நமக்குப் பஞ்சம்?"

"போட்டான். ஆனா ஒரு மாத்துச்சாவியை வெட்டித் தன் இடுப்புல செருகிக்கிட்டான். மாமனார் அந்தச் சாவி வாசனையைப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தாராம். மக கையில இருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாராம். பெத்த மகளை எந்த அப்பன் பயமுறுத்துவான், சொல்லுங்க?"

எந்தப் பூட்டு போட்டாலும் ஒரு மாத்துச்சாவியை ஒளிச்சு வச்சுக்கறது நம்ம ஆளோட பழக்கம். தெருவுக்கே தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும்.

சாயங்காலத்துக்குள்ள வேலை முடிஞ்சுது. அவர் வாழ்நாள்ல பண்ணினதுலயே பெரிய பூட்டு, யாருக்கும் விக்க மனசு வராம பொட்டலம் கட்டி வச்சிருந்தது, அதைக் கதவுக்குள்ள பதிச்சார். கட்டில் பக்கம் திரும்பாம, கண்ணைத் தரையில வச்சுக்கிட்டே பதிச்சார். "இதை நானே நினைச்சாலும் திறக்க முடியாது தெரியுமா?"ன்னு பீத்திக்கவும் பீத்திக்கிட்டார். மாத்துச்சாவியை அரத்துல போட்டு, பொடியாகற வரைக்கும் ராவித் தள்ளினார். மிச்சம் இருந்த ஒரே சாவியை, நெருப்புத் துண்டைக் குடுக்கற மாதிரி அவ கையில குடுத்தார்.

"பத்திரமா வச்சுக்கடி."

"உயிரா வச்சுக்கறேங்க"ன்னா.

மறுநாள் மத்தியானம் கடைசிப்பக்கம் கடைக்குப் போனார். சண்டை போடத்தான்.

"ஏன்ணே, குடும்பஸ்தன் வீட்டுக்குக் குடுக்கற கதையா அது? மாமனாரும் மருமகனும் சாவியும்!"

"எந்தக் கதை?"

"அந்தச் சாம்பல் அட்டை."

கடைசிப்பக்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது நடுக்கடல்ல நடக்கிற கதைப்பா. ஒரு கப்பல், ஏழு மாலுமி, சாப்பாடு தீர்ந்து போகுது. மாமனாருக்கு அங்க என்ன வேலை?"

"சாவி?"

"கப்பலுக்கு எதுக்குச் சாவி? உன் சம்சாரம் நேத்து வந்து முடிவைப் படிச்சா. படிச்சுட்டுச் சிரிச்சா. அதைப் படிச்சுச் சிரிச்ச ஒரே ஆள் அவதான். இன்னிக்குக் காலையில வந்து இன்னும் நாலு புத்தகம் எடுத்துட்டுப் போனா. இனிமே படிக்க இடம் இருக்குன்னா."

பூட்டுக்காரர் ஓடி வந்தார். முன்ரூம் கதவு உள்பக்கமா பூட்டிக் கிடந்துது. கம்பியை உள்ள விட்டார். காதை வச்சுக் கேட்டார். அவர் பண்ணின பூட்டு அவரையே யாருன்னு கேட்டுச்சு. இந்தக் கம்பி, அந்தக் கம்பி, வளைஞ்ச கம்பி. ஒண்ணும் நடக்கல. "ஏண்டி"ன்னு கத்த வாயைத் திறந்தவர், அப்படியே நின்னுட்டார்.

உள்ள அவ அழுதுக்கிட்டிருந்தா. சின்னதா இல்ல. ரெண்டு வருஷத்தையும் சேர்த்து வச்சு, கட்டில் கிரீச்சிட, வாய் விட்டு அழுதுக்கிட்டிருந்தா. "அப்பா"ன்னு ஒரு தடவை கேட்டுது.

அவர் கம்பிகளைக் கீழ வச்சார். கதவுல சாய்ஞ்சு தரையில உட்கார்ந்தார். வெளியில மழை பிடிச்சுக்கிச்சு. நாலு வீடு தள்ளி இருந்த அவரோட குடை காத்துல கவுந்து, வாசலைத் தாண்டி உருண்டு போறது தெரிஞ்சுது. அவர் எழுந்திரிக்கல.

ரொம்ப நேரம் கழிச்சு அழுகை அடங்கிச்சு. மூக்கைச் சிந்தற சத்தம். அப்புறம் ஒரு பக்கம் திருப்பற சத்தம். அவர் மெதுவா, ரெண்டு விரலால கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தாம்மா. உன் புருஷன். திற."

உள்ள இன்னொரு பக்கம் திரும்பிச்சு.

"எல்லாக் கதையிலயும் இப்படிச் சொல்லித்தாங்க உள்ள வர்றாங்க."