இதோ வந்துடுவார்

"ஏங்க, டீ வருமா, இல்ல இந்த நாற்காலியிலேயே நாம கிழவன் கிழவி ஆயிடுவோமா?" என்றாள் மனைவி.

காவலாளி ஓட்டல் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. எதிரே அருங்காட்சியகத்தில், தன் பொறுப்பில் இருந்த பீங்கான் அறையைப் பூட்டிவிட்டு வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. சாவி பையில் இருந்து தொடையைக் குத்தியது. நாலு மணிக்கு அதிகாரி சுற்றி வருவார். அதற்குள் திரும்பாவிட்டால் வேலைக்கே உலை.

ஏதோ ஒரு ராணி டீ குடித்த கோப்பைகள் உள்ள அறை அது. ஒரு நாளைக்கு நாலு பேர் எட்டிப் பார்த்தால் அதிகம். "யாராவது கேட்டா, இதோ வந்துடுவார்னு சொல்லு" என்று வாசல்காரரிடம் சொல்லிவிட்டு, சீருடையை மறைக்க மச்சானின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எல்லாம் மனைவி சொன்ன சொல்லால்தான். "பத்தொம்பது வருஷமா எவளோ குடிச்ச கோப்பைக்குக் காவல். கட்டினவளுக்கு ஒரு கோப்பை டீ வாங்கித் தர நேரமில்ல."

தையல் கம்பெனியில் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கி வந்திருந்தாள். அடுத்த விடுப்பு எப்போது என்று கம்பெனிக்கே தெரியாது.

கறுப்புக் கோட்டு போட்ட பரிமாறுபவரைக் கூப்பிட்டார். "என்னப்பா, டீ என்ன ஆச்சு?"

"டீ மாஸ்டர் வெளிய போயிருக்கார் சார். இதோ வந்துடுவார்."

"போய்க் கையோட கூட்டிட்டு வாப்பா. அவசரம்."

அவரும் போனார். போனவர் போனவர்தான். இப்போது தண்ணீர் கேட்கக்கூட ஆளில்லை.

காவலாளி எழுந்து தேடினார். யாரும் தென்படவில்லை. பழக்க தோஷம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அடுத்த மேஜைக்காரர் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். "தம்பி, தண்ணி!"

கோட்டைக் கழற்றினால் சீருடை தெரியும். பேசாமல் ஜாடியை எடுத்தார். அதைப் பார்த்த இன்னும் மூன்று மேஜைகள் கை தட்டிக் கூப்பிட்டன.

வியர்த்து வழியத் திரும்பியவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்ல ஒரு நாளாவது தண்ணி மொண்டு குடுத்திருக்கீங்களா?"

மணி நாலு அடித்தது. புறப்படப் பார்த்தார். மேஜைக்கு அடியில் அவள் செருப்பைக் கழற்றி, வீங்கிய கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வேலைக்குப் போகலையா?"

"போகல. உன்கூட டீ குடிச்சிட்டுத்தான்."

அவள் தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாலேகாலுக்குப் பரிமாறுபவர் டீ மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார் டீ மாஸ்டர், மூச்சு வாங்க. "இருபது வருஷமா டீ போடுறேன். எதிர்ல ஒரு ராணி டீ குடிச்ச கோப்பை இருக்காம், ஒரு தடவை பார்த்துடலாம்னு போனேன். காவலாளி அறையைப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டான். இதோ வந்துடுவார், இதோ வந்துடுவார்னே நிக்க வெச்சுட்டாங்க. அந்த ஆளு மட்டும் வந்திருந்தா, உங்களுக்கு எப்பவோ டீ வந்திருக்கும் சார்!"