ஸ்டெப்னிக்கும் ஓர் எலுமிச்சம்பழம்

பம்பாயில் ஓடுகிற கார்களில் பாதி என்னைக் கேட்டுத்தான் வாங்கப்பட்டவை. சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம்; கால்வாசி. எழுத எழுத உரக்கப் படிப்பது என் வழக்கம். எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டு விசாலாக்ஷி அதைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துகிறாள். போகட்டும், ஒரு கார். அந்த ஒன்றும் அவள் வீட்டுக் கார்தான். ஆனால் அந்த ஒரு கார் வாங்கப்பட்ட வைபவத்தை முழுக்கப் பார்த்தவள் என்ற முறையில், ஒரு மனித இனத்தைப் பற்றி எழுத எனக்கிருக்கும் அருகதை இந்த மாட்டுங்காவில் வேறு யாருக்கும் கிடையாது. இது மிகையில்லை.

அந்த இனத்துக்குப் பெயர் 'எதுக்கும் இருக்கட்டும்'.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லாத ஏப்ரல் மாதத்தில் குடையோடு நடப்பார். குடை காற்றில் திரும்பிக்கொண்டால் என்ன செய்வது என்று பைக்குள் ஒரு ரெயின்கோட் இருக்கும். ரெயின்கோட் கிழிந்துவிட்டால் என்று அதன் பாக்கெட்டில் மடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றும் இருக்கும். காலையில் எழுப்ப ஒரு அலாரம், அது அடிக்காவிட்டால் எழுப்ப இன்னொரு அலாரம், இரண்டும் அடிக்குமோ அடிக்காதோ என்ற கவலையில் இரண்டுக்கும் முன்னால் தானே எழுந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவை அடிக்கக் காத்திருப்பார். டிவி ரிமோட்டை அது வந்த உறையோடு இன்னொரு உறைக்குள் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார். எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியாமல் வருஷக்கணக்காக ஒரே சத்தத்தில் செய்தி கேட்பார். கல்யாணப் பந்தியில் அப்பளத்தை இலை ஓரமாக ஒதுக்கி வைத்து, சாம்பார், ரசம், பாயசம், மோர் எல்லாம் தாண்டிக் கடைசியில் எடுக்கும்போது அது ஈரத் துணிபோலத் தொங்கும். அதையும் திருப்தியாகத் தின்பார். நொறுங்குவதற்கென்றே பிறந்த பொருள் அப்பளம். அதைப் போய் வைப்பு நிதியில் போடலாமா?

எங்கள் கட்டடத்தில் இந்த இனத்தின் முடிசூடிய மன்னர் சந்திரமௌலி, விசாலாக்ஷியின் கணவர். டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு விதிகளைச் சுவரில் மாட்டும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெறும்போது கைக்கடிகாரம் கொண்டுவருவார்கள். இவர் 'அபாயம்' என்று எழுதிய பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அது இப்போது அவர்கள் வீட்டு மிக்ஸிக்கு மேலே தொங்குகிறது.

இப்படிப்பட்டவர் கார் வாங்கினார் என்றால் அதற்குக் காரணம் விசாலாக்ஷி. அவளுக்கு ஒரு தங்கை, அம்மு. செம்பூரில் இருக்கிறாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும், "அக்கா, நீ பஸ்ல கஷ்டப்படாதே, வண்டி அனுப்பறேன்" என்று போன் செய்வாள். வண்டியும் வரும். பின்சீட்டில் அம்மு வாங்கிய வாழை இலைக்கட்டுக்கும் பூக்கூடைக்கும் நடுவில், இன்னொரு சாமானாக விசாலாக்ஷி போய் இறங்குவாள். வாசலில் நின்று அம்மு, "வந்துட்டியா! இலை வாடாம இருக்கா?" என்று கேட்பாள். அன்பான தங்கைதான். அதுதான் கொடுமை, சண்டைகூடப் போட முடியாது.

அம்மு புது ஃப்ளாட் வாங்கி வெள்ளிக்கிழமை கிருகப்பிரவேசம் என்றாள். அந்த ஒரு நாளாவது சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். விசாலாக்ஷியின் ஆசை அவ்வளவுதான். சந்திரமௌலியும் சம்மதித்தார். பணம் கட்டியாயிற்று. வண்டியும் செம்பூர் ஷோரூமில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு மணப்பெண்போல நின்றது.

அப்போதுதான் பைசான் அந்தக் கேள்வியைக் கேட்டான். பைசான் ஷோரூமில் வண்டி விற்கிற பிள்ளை. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தாலும் நாக்கில் தாமிரபரணி ஓடும். "சார், கம்பெனி வாரண்டி இருக்கு. அது முடிஞ்சப்பொறவும் ரெண்டு வருசத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்துக்கிடுதியளா? வண்டி எடுக்கும்போதே எடுத்தா சல்லிசு. பொறவு வெல கூடும்."

அவ்வளவுதான். பூமி நின்றது.

இந்த இனத்தைச் சேர்ந்தவர் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் தப்பு. வாரண்டி, எதுக்கும் இருக்கட்டும். சரி. ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய பணம்? அதுவும் கையில் எதுக்கும் இருக்கட்டுமே! ஒரே மனிதருக்குள் இரண்டு 'எதுக்கும் இருக்கட்டும்' கொம்பு கோத்துக்கொண்டு நின்றால் யார் விலக்கிவிடுவது? முடிவெடுக்காமல் வண்டியை எடுப்பதில்லை என்று அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ரிப்பன் கட்டிய மணப்பெண் ஷோரூமிலேயே நின்றாள்.

டோம்பிவிலியில் இருக்கும் விசாலாக்ஷியின் தம்பி வெங்கிக்குப் போன் போயிற்று. வெங்கி லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி உலகப் பொருளாதாரம் பேசுபவன். "அத்திம்பேர், அதெல்லாம் பேகார், வெத்துச் செலவு! அந்தப் பணத்தை எஃப்டில போடுங்கோ. ரிப்பேர் வந்தா அதுலேருந்து எடுத்துக்கலாம்."

"எஃப்டி முதிர்றதுக்கு முன்னாடியே ரிப்பேர் வந்தா?"

"அப்போ வாரண்டி எடுத்துக்கோங்கோ."

"ரிப்பேரே வரலைன்னா?"

"அத்திம்பேர், தாதர் வந்துடுத்து, இறங்கணும்." வெங்கி இறங்கினானோ இல்லையோ, போனை வைத்துவிட்டான். அவன் தாதரில் இறங்குகிறவன் இல்லை என்று விசாலாக்ஷி சொன்னாள்.

வியாழக்கிழமை காலை அவள் காப்பியை டொக்கென்று வைத்தாள். "ஏன்னா, அம்மு போன் பண்ணினா. நாளைக்கு வண்டி அனுப்பறாளாம். என்ன சொல்லட்டும்?"

"எதுக்கும் இருக்கட்டும், அனுப்பச் சொல்லேன்."

நல்ல வேளையாக மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்போது சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அரை மணியில் மூன்று பேரும் ஷோரூமில் இருந்தோம். நான் துணைக்குப் போனேன். அங்கே காப்பி கொடுப்பார்கள் என்பது உபரி.

சந்திரமௌலி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எலி வயரைக் கடிச்சா?"

"அது இதுல வராது சார்."

"மழைத் தண்ணி இஞ்சினுக்குள்ள போனா?"

"அதுக்கு இன்சூரன்ஸ் இருக்குல்லா."

"நானே எதுலயாவது இடிச்சா?"

"அதுவும் இன்சூரன்ஸ்தான் சார்."

"அப்போ இது எதுக்குப்பா?"

"கம்பெனில செஞ்சதுல ஏதும் கோளாறு இருந்தா, அதுக்கு."

"கோளாறு இருக்கா?"

"ஐயய்யோ, கெடையவே கெடையாது! ஒண்ணாம் நம்பர் வண்டி சார்."

"இல்லாத கோளாறுக்கு நான் எதுக்குப் பணம் குடுக்கணும்?"

பைசான் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான். சந்திரமௌலி விடவில்லை. வெளிக்கடையில் வாங்கிய உபகரணம் எதையும் பொருத்தினால் வாரண்டி செல்லாது என்று ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டார். "எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து முன்னாடி கட்டுவோமே, அது வெளிக்கடை உபகரணமா?"

"சார்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை மாத்துவோம். ஒவ்வொரு தடவையும் புதுசுதான். அதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

பைசான் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. பைசான் திரும்பி வந்தான். விசாலாக்ஷியைப் பார்த்தான், ரிப்பன் கட்டிய வண்டியைப் பார்த்தான், கையைக் குவித்தான்.

"சார், நான் இதுக்கு மேல என்னத்தச் சொல்லட்டும்? எதுக்கும் இருக்கட்டுமே சார்!"

சந்திரமௌலியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அயல்நாட்டில் அலைந்தவன் காதில் தாய்மொழி விழுந்ததுபோல் உருகிவிட்டார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றார். கையெழுத்துப் போட்டார். தன் பேனாவால் ஒரு தடவை. அந்த மை அழிந்துவிட்டால் என்று பைசானின் பேனாவால் அதன் மேலேயே இன்னொரு தடவை.

வண்டி வீட்டுக்கு வந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அதன்மேல் பழைய பெட்ஷீட். வண்டிக்கு மேல் கம்பெனி உறை. அந்த உறை அழுக்காகாமல் இருக்க ஒரு தார்ப்பாய். மறுநாள் காலை எங்கள் காவல்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கோன் குஸர் கயா, மாஜி?" என்று, தவறிப்போனது யாரென என்னிடம் துக்கம் விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை. கோயில் வாசலில் வாகன பூஜை. விசாலாக்ஷி அரக்குப் புடவையில், மடியில் சீர்த்தட்டோடு தயார். குருக்கள் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"சுவாமி, ஸ்டெப்னிக்கு?" என்றார் சந்திரமௌலி.

குருக்கள் ஆயுளில் எத்தனையோ வண்டிகளுக்குப் பூஜை போட்டவர். டிக்கியைத் திறந்து படுத்துக்கிடக்கும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அவருக்கும் அதுவே முதல் முறை. பிறகு ஒரு தேங்காயைத் தள்ளி நின்று முறைப்படி உடைத்தார். சரிபாதியாக விண்டது. "பேஷ்! கிளம்பலாம்" என்றார்.

முதல் தேங்காய் கம்பெனி வாரண்டி மாதிரி; அது முடிந்தது. இனி எக்ஸ்டெண்டட் வேண்டாமா? எங்கிருந்தோ இன்னொரு தேங்காய் சந்திரமௌலியின் கைக்கு வந்து சேர்ந்தது. "ஒண்ணு போறும்னா" என்று விசாலாக்ஷி வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். அவர் காதில் விழவில்லை. வண்டிக்கு நேர் முன்னால் நின்று, தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, முப்பது வருஷம் பாதுகாப்பு இலாகாவில் அடக்கிவைத்த பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கி அடித்தார். தேங்காய் தரையில் பட்டது. பாதி சாக்கடைக்குப் போயிற்று. மறுபாதி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வலதுபக்க ஹெட்லைட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சலங்கென்று ஒரு சத்தம். குருக்கள் மட்டும் மெல்ல, "சகுனம் நல்லதுதான்" என்றார். எதைப் பார்த்துச் சொன்னாரோ.

சந்திரமௌலி போனை ஸ்பீக்கரில் போட்டார். "பைசான், ஹெட்லைட் போயிடுத்துப்பா. வாரண்டில வருமா?"

"நேத்துதான சார் எடுத்திய! எப்படிப் போச்சு?"

"தேங்காய்."

"மரத்துலேருந்து விழுந்துட்டா?"

"இல்லே, நான்தான் உடைச்சேன்."

போனில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சார், கம்பெனி செஞ்ச தப்புக்குத்தான் வாரண்டி. தேங்காயக் கம்பெனி செய்யலையே."

"எக்ஸ்டெண்டட்ல?"

"அதுவும் கம்பெனி தப்பத்தான் சார் பாக்கும். கூட ரெண்டு வருசம் பாக்கும், அவ்வளவுதான். நீங்க இன்சூரன்ஸ்ல கேளுங்க, கெடைக்கும்."

"இன்சூரன்ஸா? இப்பவே கேட்டுட்டா நாளைக்குப் பெரிசா ஏதாவது வந்தா? வேண்டாம்ப்பா, அது எதுக்கும் இருக்கட்டும்."

இதற்குள், எதுக்கும் இருக்கட்டும் என்று சந்திரமௌலி கோயிலுக்கே வரச் சொல்லியிருந்த அம்முவின் வண்டி தெருமுனையில் திரும்பி வந்து நின்றது. பின்சீட்டில் வாழை இலைக்கட்டு தெரிந்தது. சந்திரமௌலியின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. "நல்லதாப் போச்சு விசாலம். நம்ம வண்டியை மூடி வெச்சுட்டு இதுலயே..."

விசாலாக்ஷி இறங்கவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது. குரலில் அது இல்லை. "ஏன்னா, மேல பாருங்கோ."

அவர் பார்த்தார்.

"சூரியன் இருக்கானோல்லியோ? பகல்ல போறதுக்கு ஹெட்லைட் எதுக்கு? அந்த டிரைவரை இலைக்கட்டோட முன்னால போகச் சொல்லுங்கோ. வண்டியை எடுங்கோ."

எடுத்தார். பிளாஸ்டிக் சரசரக்க நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். சயான் வழியாக இரண்டாவது கியருக்கு மேல் போகாமல், எங்களை ஆட்டோ முந்த, பஸ் முந்த, கைவண்டிக்காரர் ஒருவர் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட, செம்பூர் போய்ச் சேர்ந்தோம். அம்மு வாசலில் நின்றாள். இலை வாடாமல் இருக்கிறதா என்று இந்த முறை கேட்கவில்லை.

"புது வண்டியா! என்னக்கா இது, ஒரு கண்ணு பொட்டையா இருக்கு?"

"திருஷ்டி கழிச்சோம்டி" என்றாள் விசாலாக்ஷி, சீர்த்தட்டோடு ராணிபோல இறங்கி. "எல்லாரும் மையால பொட்டு வைப்பா. உங்க அத்திம்பேர் கொஞ்சம் பெரிசா வெச்சுட்டார்."

இதில் ஒரு லாபமும் உண்டு. "விளக்கு இல்லே, இருட்டறதுக்குள்ள போகணும்" என்று சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டோம். எந்த விசேஷத்திலும் கடைசிவரை நின்று பாத்திரம் ஒழித்துப் போடுகிறவள் விசாலாக்ஷி. அன்று முதல் அந்த ஹெட்லைட்டை மாற்ற அவள் அவசரமே காட்டவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே உங்கள் சமையலறைக் கதவின் பின்னால் தொங்கும் பையை எட்டிப் பாருங்கள். அதற்குள் என்ன இருக்கிறது? பைகள். உங்கள் போனின் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி இருக்கிறதா? ஹோட்டலில் கொடுத்த சாஸ் பொட்டலம் ஃபிரிட்ஜ் கதவில் எத்தனை தீபாவளி பார்த்தது? பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, லிப்ட் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்தது யார்? உங்கள் இலை ஓரத்தில் ஓர் அப்பளம் காத்திருக்கிறது, ஜாக்கிரதை. நான் தைரியமாகச் சொல்கிறேன் என்றால், பகவான் புண்ணியத்தில் அந்தக் காற்று என்மேல் பட்டதே இல்லை என்பதால்தான். வெளியில் நின்று வேடிக்கை பார்க்கும் பாக்கியம் பெற்றவள்.

விசாலாக்ஷி கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் சரிதான் மாமி. ஆனா அந்த ரெண்டாவது தேங்காய் எங்கேருந்தோ வரலை. 'எதுக்கும் இருக்கட்டும், மௌலி'ன்னு உங்க பையிலேருந்து எடுத்து அவர் கையில குடுத்ததே நீங்கதான்."