ஆறாம் நாளில் தீர்ந்துபோன வினைச்சொல்

கையில் அகராதி இருந்தால் தமிழ் தானாக வந்துவிடும் என்று நம்பியவள் நான். (பத்தொன்பது வயது, பி.ஏ. தமிழ் முதலாண்டு. வேறு எப்படி இருப்பேன்?) எண்பதுகளின் கடைசியில் அக்காவின் கல்யாணம் திருச்சுழியில் நிச்சயமானபோது, வாழ்த்து மடலை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன்.

மாப்பிள்ளை போலீஸ் கான்ஸ்டபிள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லாமையிலிருந்து ஆறு நாளில் அவர் உலகத்தை உண்டாக்கிய கதை. நாளுக்கொரு பத்தி, ஆறாம் நாளில் மணமக்கள். ஒரு சொல்லை இரண்டு தரம் எழுதினால் புலமைக்கு இழுக்கு அல்லவா? ஒளியைப் படைத்தார், வானை ஆக்கினார், நிலத்தைத் தோற்றுவித்தார், சூரியனை இயற்றினார் என்று போனேன். ஆறாம் நாள் வந்தபோது சரக்கு தீர்ந்துவிட்டது. அகராதியைப் புரட்டி ஒரு சொல்லைப் பிடித்தேன்.

அருப்புக்கோட்டை அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் தயங்கினார்.

"பாப்பா, இந்தக் கடைசி வரி சரியாத்தான் இருக்கா?"

"அதெல்லாம் இலக்கியம்ணே, உங்களுக்குப் புரியாது."

கல்யாணப் பந்தலில் நானே மைக்கைப் பிடித்தேன். "ஐந்தாம் நாளில் மீன்களைச் சமைத்தார்!" (சமைத்தல் என்றால் படைத்தல் என்றும் பொருள் உண்டு. அது எனக்கும் அகராதிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.) பின்வரிசையில் ஒருவர், "அப்ப பிரியாணி இல்லையா?" என்றார். பந்தல் சிரித்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டிக் கடைசி வரியை முழங்கினேன்.

"ஒன்றுமே இல்லாததிலிருந்தும் ஜோடிக்க வல்லவரே!"

(இல்லாததை உண்டாக்குதல் என்றுதான் அகராதியில் போட்டிருந்தது. அதிலேயே 'ஜோடி'யும் வருகிறதே என்று வேறு பூரித்திருந்தேன்.)

மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தார்.

"எங்க பய பொய்க் கேசு ஜோடிக்கிறவன்னு மைக்கு வச்சுச் சொல்றீகளா? ஏலே, எல்லாரும் கிளம்புங்கடா, பஸ்ஸுக்கு!"

அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. நான் மடலால் முகத்தை மூடிக்கொண்டேன். அச்சடித்த பக்கம் சபையைப் பார்த்து இருந்தது.

மாப்பிள்ளை மைக்கை வாங்கினார்.

"சித்தப்பா, உக்காருங்க. கொழுந்தியா ஆண்டவரத்தான் சொல்லுது. ஒண்ணுமே இல்லாம ஜோடிக்க அவராலதான் முடியும். எங்களுக்கு ஒரு கத்தியாச்சும் வேணும்."

சித்தப்பாவே சிரித்துவிட்டார். நான் மட்டும் பந்தியில் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

அத்தான் அந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். மானம் போகிறதே என்று அக்கா கடைசி வரியின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும், "அந்தத் தாளுக்கு அடியில என்ன இருக்கு?" என்று கேட்காமல் போவதில்லை. அத்தான் இப்போது ரிட்டயராகிவிட்டார். அவரிடம் நேரம் நிறைய இருக்கிறது.