நாலாம் நம்பர் பச்சை

திருப்புலிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புள்ள சுபாஷ்ரீ அக்காவுக்கு, தங்கை தேவயானி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், நெற்பயிர் நலம், தறியும் நலம். கோயம்புத்தூரில் நீயும் உன் ஆராய்ச்சியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்பதால் கடிதமாக எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன மாதம் நீ வந்து இலை வண்ண அட்டையை அப்பாவிடம் கொடுத்து, நெல் இலையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாலாம் நம்பர் பச்சை இருந்தால் யூரியா வேண்டாம், அதற்குக் கீழே போனால் மட்டும் அளவாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். மண்ணும் ஏரித் தண்ணீரும் கெடாமல் எவ்வளவு உரம் போதும் என்று நீ அரசுக்கு அறிக்கை எழுதப் போகிறாய் என்பதும், மானாம்பதி விவசாயிகள் எல்லாரும் உன் ஆராய்ச்சியிலிருந்து பின்வாங்கிவிட்டதால் இந்தப் பக்கத்தில் உனக்கு மிஞ்சியது நம் வயல் ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அக்கா, நீ ஒன்றை மறந்துவிட்டாய். பட்டு நெய்கிற வீட்டில் வந்து, பச்சை என்றால் இந்தச் சில கட்டங்கள்தான் என்று சொல்லலாமா?

முதல் நாளே அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாடி இது, பச்சைக்குப் பேரு வெக்காம நம்பர் போட்டு வெச்சிக்கீறாங்க?" என்றார். இலையைப் பறிக்காமல், வெயில் படாமல், நம் நிழலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதை நான் வரப்பில் நின்று சத்தமாகப் படித்தேன். "நெழல்ல வெச்சி எவனாவது கலர் பாப்பானா?" என்று அப்பா இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்து, "மூணு" என்றார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? இது கிளிப்பச்ச. நாலுதான்" என்றார். அப்பா பாசிப்பச்சை என்றார். பாசிப்பச்சை என்று சொல்லி அப்பா அன்று வேறு ஏதோ நிறத்தில் தன் தலையில் கட்டிய கல்யாணப் புடவையை அம்மா நினைவூட்டினார். அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அம்மா என்னிடம், "உங்கப்பாவுக்கு மூணாம் நம்பர் கொழம்பு ஊத்தட்டுமா, நாலாம் நம்பர் ஊத்தட்டுமான்னு கேளு" என்பார். நான் போய்க் கேட்டுவிட்டு வருவேன்.

அடுத்த வாரம் தீர்ப்புச் சொல்ல, சாயப்பட்டறையிலிருந்து கோகுல்ராஜ் சித்தப்பாவை அழைத்தோம். அவர் இலையை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, "சாயம் போவல, நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். பக்கத்து வயல் வேதகிரி மாமா வரப்பிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "இன்னா தங்கவேலு, நெல்லுக்கு மாப்ள பாத்துக்கினு கீறீங்களா? நிறம் பொருந்தலயா? நான் ரெண்டு தபா யூரியா வீசிட்டேன், எப்பிடிக் கீது பாரு!" அவர் பயிர் கருகருவென்றுதான் இருந்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது பிடித்திருந்தது, இலைக்கு இலை சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதை நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மாமாவின் கேலியில் அப்பாவுக்கு ரோஷம் வந்து, ஒரு முழு மூட்டை யூரியா வாங்கி வந்து தறிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாரும் ஒரே நம்பர் சொல்லணும். இல்லன்னா அட்ட அடுப்புக்கு, மூட்ட வயலுக்கு." மூட்டை வயலுக்குப் போனால் உன் அறிக்கையும் கூடவே போய்விடும்.

ஆனால் அக்கா, இன்று காலை அதிசயம் நடந்தது! அப்பா அட்டையை இலையோடு வைத்தார். கண்ணைக் கசக்கினார். "நாலு" என்றார். அம்மாவும் பார்த்து "நாலு" என்றார். இலைக்கும் நாலாம் கட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அப்பா அம்மாவிடம் நேராகவே, "கொழம்பு இன்னா?" என்று கேட்டார். ஆகவே யூரியா போடவில்லை, உன் ஆராய்ச்சி பிழைத்தது, நீ சிரமப்பட்டு வரத் தேவையில்லை. அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். அப்பா உன்னைக் கவலையில்லாமல் அறிக்கை எழுதச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள் என்பதைக் கவனிக்கவும்.

உன் அன்புத் தங்கை,
தேவயானி

பின்குறிப்பு: சித்தப்பா இப்போதுதான் வந்தார். "அண்ணனும் அண்ணியும் மூஞ்சி திருப்பிக்கினு கீறத பாக்க முடியலம்மா. நெல்லு மேல தப்பு இல்ல, அட்ட மேலதான் தப்பு. நேத்து ஒரு எல கொண்டாந்து, நாலாவது கட்டத்த அதுக்குச் சரியா சாயம் கலந்து பூசிட்டேன். ரெண்டு கோட்டிங்!" என்று என் காதில் சொன்னார். சித்தப்பா காதில் சொல்வது தெருமுனை வரை கேட்கும். அப்பா தறியை விட்டு எழுந்துவிட்டார். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. புது அட்டையோடு உடனே புறப்பட்டு வா, சித்தப்பா கண்ணில் காட்டாதே. நான் யூரியா மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்று முழுக்க உட்கார்ந்திருப்பேன். நாளை பள்ளிக்கூடம் இருக்கிறது.