மூணு மா வயலில் என் முதல் டிஜே

அன்றைக்கு வயலில் இருந்தவர்கள்: நடவு நட வந்த ராசாத்தி அக்கா, அவர் கூட்டிவந்த பதினோரு பெண்கள், வரப்பில் குடையோடு என் மாமனார், டீத் தூக்கோடு என் மனைவி மல்லிகா, ஒரு கொக்கு, நான். இதில் கொக்கு மட்டும்தான் முதல் பாட்டிலேயே நிலைமை புரிந்து கிளம்பிப் போனது. மற்ற எல்லோரும் நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள் (அதுதான் பிரச்சினையே). அதனால் நான் எதையும் குறைத்துச் சொல்ல வழியில்லை.

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறினால், இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டதா என்று ஏறிய ஊரிலேயே கேட்கிற ஆள். படிப்பை ஒன்பதாவதோடு நிறுத்தியவன் வேறு. எனக்குப் போய் டிஜே ஆசை எப்படி வந்தது? ஒரு வீடியோவில், "எட்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும், அப்புறம் மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்கள். என் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்த தொழில்!

தஞ்சாவூரில் ஒரு பழைய கன்ட்ரோலர் வாங்கினேன். இரண்டு வட்டத் தட்டு, நிறையப் பொத்தான், பாட்டின் வேகத்தை மாற்ற ஓரத்தில் ஒரு நீளமான ஸ்லைடர். எனக்கு வேகத்தைக் கூட்ட மட்டும்தான் தெரியும். குறைக்கும் பாடம் அடுத்த வீடியோவில் இருந்தது.

அப்போது மச்சான் செந்திலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பட்டுக்கோட்டை மஹாலில் ரிசப்ஷன். அதில் நான்தான் டிஜே என்று மனசுக்குள் முடிவு செய்து, நாலைந்து நாள் தொண்டையைச் செருமி, கடைசியில் மாமாவிடம் கேட்டேவிட்டேன்.

"முதல்ல ஒரு பத்துப் பேரை ஆடவச்சுக் காட்டுங்க மாப்பிள்ளை. அப்புறம் மேடை தர்றேன்."

பத்துப் பேருக்கு எங்கே போவது? யோசித்தேன். மறுநாள் மாமாவின் மூணு மா வயலில் (ஒரு ஏக்கர்தான்) நடவு!

சக்கரம் வைத்த பேட்டரி ஸ்பீக்கரை வரப்பில் நிறுத்தி, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, அதற்கு ஒரு குடையும் கட்டினேன். மின்னல், சேறு, நண்டு, பாம்பு என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றைத் தவிர.

"என்ன தம்பி, கட்சிக் கூட்டமா?" என்றார் ராசாத்தி அக்கா.

"இல்லக்கா, நீங்க பாட்டுக்கு நடுங்க. பிடிச்சா லேசா ஆடுங்க."

"சேத்துலேருந்து காலை உருவுறதுக்கே ரெண்டு ஆளு வேணும். இதுல ஆடணுமாம்ல!"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். யாரும் ஆடவில்லை. ஆனால் மூன்றாவது பாட்டில் ஒன்றைக் கவனித்தேன். தாளத்துக்குத் தாளம் கை இறங்குகிறது. ஒரு அடிக்கு ஒரு நாற்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்லைடரை லேசாகத் தள்ளினேன். கைகளும் வேகமெடுத்தன. இன்னும் தள்ளினேன். குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்த அந்த வரிசை, ரிவர்ஸில் வருகிற லாரி மாதிரி என்னை நோக்கி வந்தது.

"தம்பி, மூச்சு வாங்குதுப்பா!"

"நிறுத்திடவாக்கா?"

"நிறுத்தாத, நிறுத்தாத! காண்ட்ராக்ட் நடவு. சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் வீட்டுக்குப் போவோம்ல!"

சாயங்காலம் முடிய வேண்டிய நடவு, மத்தியானச் சோற்றுக்கு முன்பே முடிந்தது. மாமா வயலைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், என்னை (கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக) மரியாதையோடு பார்த்தார்.

"மேடை உங்களுக்குத்தான் மாப்பிள்ளை."

"எங்கப்பா உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதை இன்னிக்குத்தான் பாக்குறேன். போட்டோ எடுத்து வச்சிருக்கணும்" என்றாள் மல்லிகா. எடுத்திருக்கலாம். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தது. மடையைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் மாமாவிடமிருந்து போன். குரலில் கோபமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், வயலில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர். ஆழமாக ஊன்றாமல், வேகத்துக்கு மேலாகச் செருகிய நாற்றெல்லாம் கிளம்பி, காற்றுக்கு ஒதுங்கி, கிழக்கு மூலையில் பச்சைப் பாயாக மிதந்துகொண்டிருந்தது.

"பத்துப் பேரை ஆடவைக்கச் சொன்னேன் மாப்பிள்ளை. நீங்க பயிரையே ஆடவச்சுட்டீங்க."

ராசாத்தி அக்கா அதற்கு மேல். "பாட்டு நாங்களா கேட்டோம்? கூலியைப் பொட்டிக்காரத் தம்பிகிட்ட வாங்கிக் குடுங்க, மறுநடவு நட்டுத் தர்றோம். பாட்டு இல்லாம!" கூலியை மாமா கொடுத்தார். என் கணக்கில்.

கைகளின் வேகத்தைக் கவனித்ததோடு சரி, அதற்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் திரையும் ஸ்லைடரும்தான். எதிரே சேற்றில் நாற்று ஊன்றுகிறதா என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கருவியைப் பார்க்காதே, ஆட்களைப் பார் என்பதுதான் டிஜேக்கு முதல் பாடமாம். அதுவும் அடுத்த வீடியோவில்தான் இருந்தது.

ரிசப்ஷன் மேடைக்குத் தஞ்சாவூரிலிருந்து வேறொரு டிஜே வந்தார். நான் சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். (என் பெட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று, வேனில் இருந்தது.) முதல் பந்தி ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கையைக் காயவிட்டு, தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தது. அடுத்த பந்திக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலிக்குப் பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் பெண் வீட்டார்! மாமா வேர்த்து வழிய ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை, பொட்டி இருக்கா?"

"இருக்கு மாமா! என்ன பாட்டுப் போட?"

"பாட்டு எதுவோ போடுங்க. வயல்ல போட்டீங்கல்ல, அந்த வேகம் வேணும்."

போட்டேன். இந்தத் தடவை இலைகளைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். இரண்டாவது பாட்டில் மோர் முடிந்தது. மூன்றாவது பாட்டில் பந்தியே எழுந்து கை கழுவப் போனது. ஒரு பெரியவருக்குப் புரையேறியது. அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை வாதாடுகிறேன்.

அதிலிருந்து காதுகுத்தோ வளைகாப்போ, குடும்பத்தில் எது நடந்தாலும் எனக்குச் சாப்பாட்டுக் கூடம்தான் மேடை. 'பந்தி டிஜே' என்றே பெயராகிவிட்டது. சம்பளம் என்று எதுவும் கையில் வராது. பந்திக்கு இருநூறு ரூபாய் வீதம் மறுநடவுக் கூலியில் மாமா கழித்துக்கொள்கிறார். போன மாசம் மல்லிகாவின் தங்கை வளைகாப்பு வரை கழித்தது போக, பாக்கி மூவாயிரத்து அறுநூறு ரூபாய். அதாவது, பதினெட்டுப் பந்தி.