பூசைக்கு வைத்த ரிவோல்வர்

என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. குறி வைத்தது ஒரு பூசணிக்காய்க்கு. குண்டு பட்டது நாலு அடி தள்ளி நின்ற மழைத்தண்ணீர்ப் பீப்பாவில். உண்மையில் அது யாரில் பட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் ஈழத்து ஆட்களிடையே எனக்கு ஒரு பெயர் இருந்தது: "அண்ணை அந்த நாளையிலை பெரிய ஆள்." நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில், ஊரில் துப்பாக்கி தூக்கியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "அதெல்லாம் இப்ப கதைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒரு கட்லெட்டைக் கடித்தேன். அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். (கட்லெட் உறைப்பு. கண் கலங்கிவிட்டது. அதற்கும் ஒரு வீரக் கதை முளைத்தது.)

உண்மையில் நான் பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து, துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேருக்கும் பயந்து ஓடிவந்தவன். இங்கே முப்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டினேன்.

இது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி மங்கை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு வேறு துயரம் இருந்தது. பத்தொன்பது வயதுத் தம்பியை வீட்டுப் படலையடியில் சுட்டுவிட்டார்கள். சைக்கிளில் வந்த இரண்டு பேர், இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்னத் துப்பாக்கி. யார், எதற்காக என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவள் ஊரில் இருந்தவரை கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை. ரண்டர்ஸுக்கு வந்து பல வருடங்கள் கழித்து, ஒருநாள் தையல் மெஷினை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். கதவு முதுகுக்குப் பின்னால். "வெளிச்சம் நல்லாயிருக்கு" என்றாள். இந்த நாடு அவளுக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

டென்மார்க்கில் வருடப்பிறப்பன்று வானவெடியில் ஊரே அதிரும். மங்கை அசையமாட்டாள். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு யன்னலில் வேடிக்கை காட்டுவாள். ஆகவே அவளுக்குச் சத்தப் பயம் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. (கணக்கு வாத்தியார். விடை கண்டுபிடித்த பிறகு யாரையும் கேட்பதில்லை.)

அந்த ரிவோல்வரைப் பழைய சாமான் சந்தையில் கண்டது சிவநேசன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், என் வீரத்தின் தலைமைப் பிரசாரகர்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே. நல்ல சாமானோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

உள்ளங்கையளவு இருந்தது. கைபிடி மரத்தில் வெடிப்பு, இரும்பில் துரு. நான் அதை வெளிச்சத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, குழலுக்குள் ஊதினேன். உள்ளேயிருந்த தூசி முழுக்க என் திறந்த கண்ணுக்குள் வந்தது.

"பெல்ஜியம்," என்றேன். (பெட்டியில் எழுதியிருந்தது.)

"பாத்தியளே! தொட்ட உடனை சொல்லுறார்!" என்று சிவநேசன் கடைக்காரக் கிழவரிடம் தமிழிலேயே சொன்னான். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். நூற்றைம்பது வருடப் பழசு, வீட்டில் வைத்திருக்கலாம், சுடக் கூடாது என்று விளக்கினார். ஒரு தீப்பெட்டியில் மூன்று தோட்டாக்களும் தந்தார். அவை செத்துப்போனவை, அழகுக்குத்தான் என்றார். ஒரு நல்ல குளிர்ச்சட்டையின் விலைகூட இல்லை. வாங்கிவிட்டேன். பின்வளவுக் கொட்டிலில், சிவப்புத் துணியில் சுற்றி, உரப்பைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். நவராத்திரி வந்தது.

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் எல்லோரும் தங்கள் தொழிற்சாமானைச் சாமிக்கு முன்னால் வைப்போம். மங்கை கத்தரிக்கோல், தாதியாக வேலை செய்யும் மகள் கௌசி தன் வெப்பமானி, நாலு வயதுப் பேத்தி மாயா படப் புத்தகம். நான் முப்பது வருடமும் வைத்தது இறைச்சிக் கத்தி. ஓய்வு பெற்ற பிறகு வைப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. வெறுங்கையோடு நிற்பது ஒரு மாதிரி இருந்தது. சிவநேசன் காதுக்குள் சொன்னான்: "ஆயுத பூசைக்கு உண்மையான ஆயுதம் வைக்கக்கூடிய வீடு டென்மார்க்கிலையே உங்கடைதான், அண்ணை."

போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்தேன்.

"இதென்ன?" என்றாள் மங்கை.

"தோட்டத்துச் சாமான்."

அவள் அவிழ்த்துப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அது போதும் அவளுக்கு. துணியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்துக் கும்பிட்டாள்.

பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று எடுத்து, கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். காலையில் மாயா இரண்டு வரி வாசித்தாள். மங்கை மெஷினில் இருந்து அவளுக்கு ஒரு பாவாடை தைக்கத் தொடங்கினாள். கௌசி வேலைக்குப் போய்விட்டாள். அவல் தின்ன வந்த சிவநேசன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாரும் தொடங்கியாச்சு. உங்கடை சாமான் மட்டும் சும்மா கிடக்குது. சாமிக் குத்தமெல்லோ?"

"அது செத்த தோட்டா."

"அப்ப என்ன பயம்?"

பயம் என்ற சொல்லை அவன் சொல்லியிருக்கக் கூடாது. பின்வளவுக்குப் போனோம். மதிலில் பூசணிக்காயை வைத்தான். நான் தீப்பெட்டியிலிருந்த மூன்று தோட்டாக்களையும் போட்டுக்கொண்டு, காலை அகட்டி நின்றேன். முதல் தடவை 'டிக்'. இரண்டாவது தடவையும் 'டிக்'. "சொன்னனான்தானே," என்று திரும்பிக்கொண்டே மூன்றாவது தடவை இழுத்தேன்.

பெரிய சத்தமில்லை. காய்ந்த தடி முறிந்ததுபோல ஒரு சின்னச் சத்தம். பீப்பாவிலிருந்து தண்ணீர் வளைந்து பீச்சியது. பூசணிக்காய் அப்படியே இருந்தது.

வீட்டுக்குள் மெஷின் நின்றது.

நான் ஓடினேன். மங்கை நிலத்தில் குப்புறக் கிடந்தாள். அவளுக்குக் கீழே மாயா. குழந்தையின் தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். மாயா டேனிஷில், "அம்மம்மா, நீங்கள் சரியான பாரம்," என்று முனகிக்கொண்டிருந்தாள். மங்கை தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஆர் வந்தது?"

பட்டாசு என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான்."

"நீங்களோ சுட்டது?"

"ஓம்."

"எதாலை?"

கையில் வைத்திருந்ததைக் காட்டினேன். சிவப்புத் துணியும் தொங்கிக்கொண்டிருந்தது, குங்குமத்தோடு. அவள் அந்தப் பொட்டையே பார்த்தாள். "வெடி எண்டால் எனக்குப் பயமில்லை," என்றாள் பிறகு. "இந்தச் சின்னச் சத்தம்தான் நான் அண்டைக்குக் கேட்டது. அதுக்கு நான் பூ வைச்சிருக்கிறன்."

வாசலில் நின்ற சிவநேசனிடம், "நான் ஒருநாளும் துவக்குப் பிடிச்சவனில்லை, தம்பி," என்றேன்.

"பூசணிக்காயைப் பாக்கவே விளங்கீட்டுது, அண்ணை," என்றான். அவன் சிரிக்கவில்லை.

நேரே பொலிஸுக்குக் கொண்டுபோனேன். எதற்காக வைத்திருந்தாய் என்று இளம் அதிகாரி கேட்டார். சாமி கும்பிட என்றேன். என்ன சாமி? கல்விக்கான சாமி என்றேன். அவர் தட்டெழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். தண்டனை விதித்தார்கள். அது நியாயம்.

மங்கை என்னைத் திட்டவில்லை. மறுநாள் மெஷினைத் தனியாக இழுத்து, சுவருக்கு முதுகும் கதவுக்கு முகமுமாகத் திருப்பிப் போட்டாள். உதவப் போனேன். வேண்டாம் என்றாள். ஆறு வருடமாயிற்று. மெஷின் இன்னும் கதவைப் பார்த்தபடிதான் நிற்கிறது. அங்கே வெளிச்சம் போதாது. ஊசியில் நூல் கோக்க அவள் கண்ணைச் சுருக்குகிறாள்.

இப்போது ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு கூடியிருக்கிறது. பத்து வயது மாயா பொலிஸ் குரலில், "அம்மப்பா, கையைத் தூக்குங்கோ!" என்பாள். நான் இரண்டு கைகளையும் தூக்கி நிற்பேன். கௌசி கைதட்டுவாள். சிவநேசன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். மங்கை வந்து என் சட்டைப் பைகளையும் இடுப்பையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள்.

அவள் மட்டும் அதை விளையாட்டாகச் செய்வதில்லை.