கொய்ங்காருவும் பதினோரு டிபன் பாக்ஸும்

ரேடியோவில் பாட்டுக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்தி கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட் கேட்டுக்கொண்டே ஆபீஸ் காகிதத்தில் தப்பான இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் முள் நிற்கும்போது கொர்ர்ர், கொய்ங்ங் என்று ஓர் இரைச்சல் வருமே, அதைக் கேட்பதற்கென்றே ரேடியோ வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருத்தணியில் இருந்தார். அவருடைய கடைக்கு நேர் மேலே மாடி அறையில் நான் குடியிருந்தேன். எனக்கு இன்றைக்கும் காது கேட்கிறது என்றால் அது மலைமேல் இருக்கிறவன் செய்த புண்ணியம்.

எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, திருத்தணித் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து நாள் முழுக்க வந்த ஓசை 'கொய்ங்'. ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் மரியாதைக்குத் தெலுங்கு 'காரு'. இரண்டையும் சேர்த்துக் கொய்ங்காரு. திட்டும்போதுகூட மரியாதை குறையாத பெயர்.

ரிப்பேருக்கு வந்த ரேடியோவைச் சரிபண்ணித் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகம் வாடிவிடும்.

"பாட்டு நல்லா வருதுங்க. ஆனா மொதல்ல அதுல ஒரு சத்தம் வந்துகினு இருந்துச்சு பாருங்க, ஆகா! அத்த நிறுத்தித் தொலைச்சிட்டேன்."

"நிறுத்தத்தானே ஐயா கொண்டுவந்தோம்?" என்பார் ரேடியோவைக் கொண்டுவந்தவர்.

"ஆங், அதான் நிறுத்தினேன். மனசே வரலீங்க."

அவருக்கு இந்தப் பித்து முற்றியது ஒரு பழைய பேப்பர் கடையில். ஏதோ வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை. அதில் ஒரு முழுப்பக்கப் படம்: சுவர் உயரத்துக்கு ஒரு யந்திரம், நூறு திருகுகள், இடியாப்பம் போல ஒயர்கள், முன்னால் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன். பாட்டுப் பெட்டி இல்லை, ஆர்மோனியம் இல்லை, சத்தத்தையே முதலிலிருந்து உண்டாக்குகிற யந்திரம். கொய்ங்காருவுக்கு இங்கிலீஷ் வராது. சர்க்யூட் படம் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. எழுத்தைப் படித்துச் சொல்ல மாடியில் நான் இருந்தேன்.

"இன்னா சார் எழுதிக்கிறான்?"

"ஒவ்வொரு பெட்டியும் ஒரு வேலை செய்யுமாம். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதை நடுங்க வைக்கும், ஒன்று வெட்டும், ஒன்று மழுங்கடிக்கும். ஒயரை மாற்றி மாற்றிக் குத்தினால் விதவிதமாக வருமாம்."

"பொட்டின்னா எவ்ளோ பெரிசு?"

"அதை எழுதவில்லை."

எழுதியிருக்கலாம். எழுதாததால் கொய்ங்காரு கண்ணுக்குத் தெரிந்த பெட்டியை எடுத்துக்கொண்டார். அது அவர் மனைவியின் டிபன் பாக்ஸ். அந்த அம்மாள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை; ஊரே டீச்சரம்மா என்று கூப்பிடும். அலுமினிய டிபன் பாக்ஸ் மூடியில் ஓட்டை போட்டு, திருகு வைத்து, உள்ளே டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து மூடினால் ஒரு பெட்டி தயார். ஒரே வருஷத்தில் அந்த வீட்டில் பதினோரு டிபன் பாக்ஸ்கள் மதம் மாறின. டீச்சரம்மா வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

கடைசியில் ஒரு டிபன் பாக்ஸாவது மிஞ்சட்டும் என்று புதிதாக வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். விதியைப் பாருங்கள், ஒருநாள் காலை அவசரத்தில் பெட்டி மாறிவிட்டது. மத்தியானம் ஆசிரியைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டீச்சரம்மாவின் மூடியைத் திறக்க, எலுமிச்சை சாதத்துக்குப் பதிலாகச் சிவப்பு ஒயரும் பச்சை ஒயரும் ஒரு பேட்டரியும். மூடி திரும்பிய வேகத்தில் திருகும் திரும்பி, பெட்டி "கொய்ங்ங்ங்" என்றது. தலைமையாசிரியை சாப்பாட்டை விட்டுவிட்டு மணியடிக்கப் போய்விட்டாராம்.

சாயங்காலம் கீழே சண்டை. நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"இன்னாங்க, அங்க என் மானம் போச்சு. இங்க நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"நானும் காலைலேர்ந்து ஒயரக் குத்திப் பாக்கறேன், சத்தமே வரல. என்னடா கோளாறுன்னு தொறந்தேன். எலுமிச்ச சாதம்."

"துன்னீங்களா?" என்றார் டீச்சரம்மா.

"துன்னேன். நல்லா இருந்துச்சு."

சண்டை அதோடு முடிந்தது. அந்த வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடியும்.

அந்தக் காலத்தில் ரேடியோவுக்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். யாரோ ஒரு நல்லவர், "அவரு பதினோரு ரேடியோ வச்சிருக்காரு, ஒண்ணுக்குத்தான் லைசென்ஸ் கீது" என்று எழுதிப் போட்டுவிட்டார். என் மேலதிகாரி என்னையே விசாரிக்கச் சொன்னார். நோட்டுப் புத்தகத்தோடு மாடியிலிருந்து கீழே இறங்கினேன்.

"இது ரேடியோவா?"

"இல்ல சார்."

"இதில் பாட்டு வருமா?"

"வராது."

"செய்தி?"

"வராது."

"பிறகு என்னதான் வரும்?"

"சத்தம் வரும் சார். போடட்டா?"

போட்டார். எதிர்ச் சாரியில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார். சத்தத்துக்கு லைசென்ஸ் போட எங்கள் படிவத்தில் இடம் இல்லை. 'பதினோரு டிபன் பாக்ஸ்கள் காணப்பட்டன' என்று உள்ளது உள்ளபடி அறிக்கை எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை இரண்டு நாள் லீவில் போகச் சொன்னார்.

கொய்ங்காருவுக்கு மைக் செட் வாடகைத் தொழிலும் உண்டு. அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணம். அவர் மைக் செட் கட்டப் போனார். கல்யாணச் சாப்பாட்டுக்காக நான் கூடப் போனேன். டிபன் பாக்ஸ்களும் ஒரு கோணிப்பையில் வந்தன. கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பவர்லூம் கொட்டகை. பன்னிரண்டு தறி 'டடக்கு டடக்கு' என்று ஓடிக்கொண்டிருந்தது. கொய்ங்காரு கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு ஒயரை மாற்றினார், திருகினார், மறுபடி கேட்டார். இரண்டு மணி நேரம்.

அப்போது கரண்ட் போயிற்று. தறிக்காரர்கள் எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். கொய்ங்காருவின் பெட்டிகளுக்குக் கரண்ட் வேண்டாம்; லாரி பேட்டரி போதும். குழாய் ஸ்பீக்கரில் பன்னிரண்டு தறியும் ஓட ஆரம்பித்தன.

"டேய், கரண்ட் வந்துச்சிடா!"

பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் ஓடினார்கள். கொட்டகை மேஸ்திரி குளித்துக்கொண்டிருந்தவர், தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் தறி அசையாமல் நிற்கிறது, சத்தம் மட்டும் ஓடுகிறது. ஒருவர் தறியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி வெளியே வந்து கோணிப்பையைப் பார்த்தார். "யோவ் கொய்ங்காரு! நீதானா? நெஞ்சே நின்னுப்போச்சுய்யா!"

"அப்ப சரியா வந்துகீதுன்னு சொல்லுங்க!" கொய்ங்காரு முகத்தில் இருந்த களை அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தில்கூட இல்லை.

மேஸ்திரி நுரையை வழித்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, தெலுங்கில் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டார். "பாவா, இத்த எனக்கு ஒண்ணு பண்ணிக் குடேன். டீக்கடைக்குப் போறவன் எவனும் திரும்பி வர மாட்டேன்றான்."

இப்படி ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆடிக் கிருத்திகை வந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: மலையே காவடியாகிவிடும். அடிவாரத்தில் குளம் தெரியாது, தலை தெரியும்; அத்தனையும் மொட்டைத் தலை. காணாமல் போனவர்களை அறிவிக்கும் பந்தலுக்குக் கொய்ங்காரு மைக் செட். படிக்கட்டு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். தந்தி வாசகத்தைத் தெளிவாகப் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியில் என்னை மைக்கின் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

பத்து மணி இருக்கும். ஒரு போலீஸ்காரர் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிவந்து மேஜைமேல் உட்கார வைத்தார். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. கொய்ங்காரு தெலுங்கில் கேட்டார். அதற்கு மட்டும் ஒரே ஒரு பதில் வந்தது.

"அவங்க நைனா ஒக்காந்துகினு இருந்தாராம். திடீர்னு காணோமாம். அந்த எடத்துல வேற யாரோ ஒருத்தர் இருந்தாராம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு, "மஞ்சள் பாவாடை கட்டிய பெண் குழந்தை, தெலுங்கு பேசுகிறது" என்று அறிவித்தேன். பத்துத் தடவை சொன்னேன். அன்றைக்கு அங்கே இருந்த குழந்தைகளில் பாதி மஞ்சள் பாவாடை, பாதி தெலுங்கு. மேளச் சத்தத்தில் என் குரல் யாருக்கும் எட்டவும் இல்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று. குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றது. குரல் கம்மிவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டோம்.

கொய்ங்காருவுக்கு அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்தார். மேஜைக்கு அடியிலிருந்த கோணிப்பையை எடுத்து, டிபன் பாக்ஸ்களைக் குழந்தையின் முன்னால் பரப்பினார். ஒயரைக் குத்தினார். கொய்ங். இன்னொன்று. பூனை. இன்னொன்று. தவளை. குழந்தை தன்பாட்டுக்கு அழுதது. அடுத்த திருகைத் திருப்பினார். 'டுக், டுக், டுக்.'

அழுகை நின்றது.

"நைனா" என்றது குழந்தை.

கொய்ங்காரு சிலை மாதிரி நின்றார். மெதுவாகத் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினார். குழந்தை தலையை ஆட்டி, "காது" என்றது.

"பாவம், குழந்தைக்குக் காது வலிக்கிறது. நிறுத்துங்கள்" என்றேன்.

"சார், அது தெலுங்கு! 'அப்படி இல்ல'ன்னு சொல்லுது. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

பிறகு நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் திருப்புவார், குழந்தை "காது" என்னும். சத்தத்தைக் கனமாக்குவார். "காது." வேகத்தைக் குறைப்பார். "காது." குழந்தை தானே ஒரு திருகைப் பிடித்துத் திருப்பியது. நாலு தடவை டுக், ஐந்தாவது தடவை மூக்கடைத்த மாதிரி ஒரு 'ஃபுஸ்'.

"அதே!" என்று கை தட்டியது குழந்தை.

"ஆயில் இன்ஜின் சார்! அவங்க கொல்லிக் கெணத்து மோட்டாரு!" கொய்ங்காரு என் பக்கம் கையை நீட்டினார். "அஞ்சுக்கு ஒண்ணு தவறுது. இந்த ஒலகத்துல இப்படித் தவறுற இன்ஜின் ஒண்ணுதான் இருக்கும். மைக்கக் குடுங்க."

திருத்தணி மலை முழுக்க ஓர் ஆயில் இன்ஜின் ஓடியது. டுக், டுக், டுக், டுக், ஃபுஸ். மேளக்காரர்கள் தாளம் தப்பி நின்றார்கள். காவடி எடுத்தவர்கள் அப்படியே நின்று மேலே பார்த்தார்கள். போலீஸ்காரர் என்னிடம், "சார், யாராவது கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன்" என்றார்.

கால்மணி நேரம் போனது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடிவந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், கண்ணெல்லாம் சிவப்பு.

"நா இஞ்சின் எக்கட?" என்று கத்தினார். என் இன்ஜின் எங்கே என்று. மூன்று மணி நேரம் மகளைத் தேடிப் பைத்தியமாகிப்போயிருந்த மனிதருக்கு, ஊரில் கிணற்றடியில் விட்டுவந்த இன்ஜின் மலையிலிருந்து கூப்பிட்டால் வேறு என்ன கேட்கத் தோன்றும்?

மேஜையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் குழந்தை அவரிடம் போகவில்லை! கொய்ங்காருவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நைனாவுக்கு முடி இருக்கும் என்று தெலுங்கில் வீறிட்டது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் காணாமலே போகவில்லை. மொட்டை போட உட்கார்ந்தார், போட்டுக்கொண்டு எழுந்தார். குழந்தைதான் யாரோ ஒரு மொட்டைக்காரர் என்று பயந்து, முடி உள்ள நைனாவைத் தேடிப் போயிருக்கிறது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தை உப்பவைத்து, வாயாலேயே "டுக், டுக், டுக், டுக், ஃபுஸ்" என்றார்.

குழந்தை மேஜையிலிருந்து குதித்தது.

கொய்ங்காரு திரும்பி நின்று ஒயர்களை வெகு நேரம் துடைத்தார். அவற்றில் அழுக்கு ஒன்றும் இல்லை.

ஒயரைப் பிடுங்கினால் அந்தச் சத்தம் மறுபடி கிடைக்காது என்பதால் ஒரு வருஷம் அந்தப் பெட்டிகளை அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டால், "அடுத்த ஆடிக்கும் அந்தக் கொயந்த தொலைஞ்சு போச்சுன்னா?" என்பார். டீச்சரம்மா மறு வாரமே புது டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கினார். தனக்கு என்று நினைத்தேன். கணவரிடம் கொடுத்து, "இதுல குருவி சத்தம் வருமாங்க?" என்றாராம்.

நான் திருத்தணிக்கு வந்து மூன்று வருஷம் ஆனபோது எனக்கு மாற்றல் வந்தது. கொய்ங்காரு ஸ்டேஷனுக்கு வந்தார். வண்டி நகர்ந்தது. நான் ஜன்னலிலிருந்து கையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். அவர் கை காட்டவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ரயில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்று வருஷப் பழக்கம், ஒரு கையசைப்புக்குக்கூட வழியில்லை என்று அரக்கோணம் வரை கோபமாகவே போனேன்.

புது ஊரில் நான் சேர்ந்த நாலாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. "சார் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் போன வண்டியில் மூணாவது பெட்டியின் சக்கரம் ஒன்று தேய்ந்திருக்கிறது. சத்தம் சரியில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். இருந்தாலும் ஊருக்கு வரும்போது மூணாவது பெட்டியில் ஏற வேண்டாம்."

இன்றைக்கும் எந்த ரயிலிலும் மூன்றாவது பெட்டியில் நான் ஏறுவதில்லை.